பினாங்கு சம்மனும் நீலக் கதவும்

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பேராசிரியரை அழைத்து வந்திருந்தார்கள். உலகமயமான காலத்தில் சர்வதேசச் சட்டம், அறம், பொறுப்புக்கூறல் என்று தலைப்பு. செயலாளர் தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் நகரவில்லை. அறத்தின் மேல் உள்ள பற்றினால் அல்ல. என் நாற்காலிக்கு நேர் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் நல்ல மனிதர்தான். நாடுகளுக்கு இடையேயான உடன்படிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், இனிமேல் ஒரு நாட்டுக் கோர்ட்டின் சம்மனை இன்னொரு நாட்டில் இருப்பவருக்குக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம், இரண்டு நீலக் குறி விழுந்தால் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோபி என் காதைக் கடித்தார். நான் பார்த்த அதே வேலையை இப்போது பார்க்கிறவர் அவர்.

"சார், உங்க காலத்துல ஃபாரின் சம்மன்லாம் வந்துக்கினு இருந்துச்சா?"

"ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. குடுத்தேன். சட்டை கிழிஞ்சுது."

"எழுதுங்க சார், எங்க குரூப்புல போடறோம்."

எழுதுகிறேன். நீலம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கைப்பேசிக் குறி அல்ல, ஒரு கதவு.

நான் காஞ்சிபுரம் முன்சீப் கோர்ட்டில் பிராசஸ் சர்வராக இருந்தவன். இன்றைக்கு அதற்குக் கட்டளை நிறைவேற்றுநர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்கும்போது தளபதி மாதிரி இருக்கிறது. எங்கள் காலத்தில் ஊர் எங்களை அமீனா என்றுதான் கூப்பிட்டது. உண்மையான அமீனா ஜப்தி செய்கிறவர், எங்களுக்கு மேல் பதவி. ஆனால் தெருவில் சைக்கிளை நிறுத்திக் காக்கிப் பையைத் திறக்கிறவன் எவனும் அமீனாதான். பயிற்சி என்று ஒன்று இருந்தது. காலையில் ஒரு பெரியவருக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தேன், மத்தியானம் தனியாக மிதித்தேன். அத்துடன் பயிற்சி முடிந்தது.

வேலையும் எளிதுதான். சம்மனை உரியவர் கையில் கொடுத்து, இன்ன விஷயம் என்று எடுத்துச் சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வீட்டில் வயது வந்த ஆண்பிள்ளையிடம் கொடுக்கலாம். வாங்க மாட்டேன் என்றால் கதவில் ஒட்டிவிட வேண்டும். அதற்காகப் பையில் எப்போதும் ஒரு பசை டப்பா இருக்கும். நடந்ததை எழுதிக் கோர்ட்டில் திருப்பிக் கொடுப்பதற்கு ரிட்டர்ன் என்று பெயர். இந்தப் பசை டப்பாவின் மகிமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் திருப்பருத்திக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமத்தில் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவன். டவுனில் பல தெருக்களில் என் அப்பாவை வாசற்படிக்கு இப்பால் நிறுத்தித்தான் பேசுவார்கள். அதே வீடுகளின் கதவில் சர்க்கார் பசையைத் தடவி, உள்ளங்கையால் நன்றாக நீவிவிடும் உரிமை எனக்குக் கிடைத்தது. நான் எப்போதும் தேவைக்கு மேலேயே நீவினேன்.

எங்கள் தலைக்கு மேல் நாசர் இருந்தார். நாசர் என்பது பதவி. எந்தச் சம்மன் யாரிடம் போகிறது, என்னவாகித் திரும்புகிறது என்று பார்ப்பவர். அவர் பெயர் துரைசாமி. கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் மூக்குப்பொடி மட்டை, உயராத குரல். எல்லோரையும் ராஜா என்பார். அவர் வாயால் ராஜா என்று கேட்டால் ராஜ்யம் போகப் போகிறது என்று அர்த்தம்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய வித்தை உண்டு. வெயிலில் அலையாமல் டீக்கடையில் உட்கார்ந்து, 'பிரதிவாதி வாங்க மறுத்தார், கதவில் ஒட்டினேன்' என்று எழுதிவிடுவது. நாசரும் சைக்கிள் மிதித்து மேலே வந்தவர் என்பதால் அவருக்கு இது தெரியாமல் இல்லை. ரிட்டர்னை நிதானமாகப் படிப்பார். ஒரு சிட்டிகை பொடி போடுவார். பிறகு கேட்பார்: "ராஜா, கதவு என்ன கலரு?"

அத்தோடு விடமாட்டார். ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா? வளையம் எந்தப் பக்கம்? கோலம் போட்டிருந்ததா? ஒருமுறை என் சகா ஒருவர் சற்றும் தயங்காமல் "பச்சைங்க சார்" என்றார். "அந்த வீட்டுக்குக் கதவே கெடையாது ராஜா, தட்டிதான் வெச்சுக்கினு இருக்காங்க" என்றார் நாசர். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் கதவுகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தோம். காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் கோபுரம் பார்த்தார்கள், நான் கதவு பார்த்தேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் முன்சீப் என்னையும் நாசரையும் அறைக்குள் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு தடித்த உறை. பினாங்கில் உள்ள ஒரு கோர்ட்டில் புறப்பட்டு, டெல்லி, மெட்ராஸ், செங்கல்பட்டு என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. முன்சீப் மெட்ராஸ்காரர், இளவயது. ஆங்கிலத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"இந்தம்மா பேரு பவானி. பினாங்குல பூக்கடை வெச்சிருக்காங்க. சின்ன காஞ்சிபுரத்து வரதராஜன்னு ஒருத்தர் அங்கே பட்டுப்புடவை விக்கப் போயிருக்கார். கோயில்ல வெச்சு இவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஒரு பெண் குழந்தை. அது தவழறதுக்குள்ள, சரக்கு எடுத்துட்டு வர்றேன்னு கப்பல் ஏறினவர் திரும்பலை. கல்யாணமே நடக்கலைன்னு சொல்லி அனுப்பிட்டாராம். குழந்தை தன்னோடதுதான்னு அவர் ஒத்துக்கணும், வளர்க்கிற பொறுப்பை ஏத்துக்கணும். அதான் கேஸ்."

"குடுத்துடறேன் சார்" என்றேன்.

"சும்மா குடுத்தாப் போதாது. கதவுல ஒட்டினேன்னா அந்தக் கோர்ட் ஏத்துக்காது. அவர் கையிலேயே தரணும். இவர்தான் அந்த வரதராஜன்னு அடையாளம் காட்ட ஒருத்தர், கொடுத்ததுக்கு சாட்சி ஒருத்தர் வேணும். முறையாச் சேர்ந்தாத்தான் அந்த ஊர்த் தீர்ப்பு இந்த ஊர்ல செல்லும். அடுத்த வாய்தாவுக்குள்ள சேரலைன்னா அங்கே மனுவைத் தள்ளிடுவாங்க."

ஆக, ஒரு குழந்தைக்கு அப்பன் உண்டா இல்லையா என்பது இப்போது என் கேரியரில் ஏறியிருந்தது. பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசிய அந்தச் சர்வதேசச் சட்டம், பின்சக்கரத்தில் காற்று குறைந்த ஒரு சைக்கிளில் சின்ன காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்டது.

வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் வரதா என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நல்ல வேளையாக மனுவில் வீட்டு இலக்கம் இருந்தது. பச்சைக் கதவு, இரட்டைக் கதவு, வளையம் வலப்பக்கம். கதவைத் திறந்தவர் வரதராஜனின் அண்ணன் பார்த்தசாரதி. உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது.

"வரதனா? அவன் பினாங்கு போயி வருசக்கணக்கா ஆவுதுபா. இருக்கறானா இல்லியான்னே தெரியல" என்றார்.

"உள்ள நெய்யறது யாருங்க?"

"அது கூலிக்கு வந்துக்கினு இருக்கற ஆளு. ஐயம்பேட்டை."

தறிக்குழியில் காலை விட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஐயம்பேட்டைக்காரர் திரும்பாமலேயே, "அவரு ஊர்ல இல்லீங்க" என்றார். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

சம்மனில் என்ன இருக்கிறது என்று அண்ணன் கேட்டார். சொன்னேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"கடலுக்கு அந்தாண்ட நடந்ததுலாம் அந்தாண்டயே போச்சுபா. அதுக்கு இங்க வந்து கேட்டா எப்பிடி?"

இன்றைக்குப் பெரிய பெரிய கம்பெனிகளும் ராஜாங்கங்களும் இதையேதான் கோட்டு டையோடு சொல்கின்றன என்பதைப் பேராசிரியரின் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். பார்த்தசாரதி வேட்டியோடு சொன்னார், வித்தியாசம் அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். எதிர்வீட்டில் கேட்டேன், பக்கத்து வீட்டில் கேட்டேன், மூலைக் கடையில் கேட்டேன். வரதன் பினாங்கு போயி வருசக்கணக்கா ஆவுது என்று தெருவே ஒரே குரலில் ஒப்பித்தது. கை சும்மா இருக்க மாட்டாமல், பிரதிகளில் ஒன்றைக் கதவில் ஒட்டி நன்றாக நீவிவிட்டு வந்தேன்.

நாசரிடம் கதவு பச்சை என்றேன். தலையை ஆட்டினார். "ஒட்டினது சரி ராஜா. ஆனா இது ஒட்டறதுக்கு வந்த சம்மன் இல்ல. மறுபடி போ."

இரண்டு வாரம் விட்டு மறுபடி போனேன். அதே பதில், அதே சாத்தல். பழையது கிழிக்கப்பட்டிருந்ததால் இன்னொரு பிரதியை ஒட்டப் பார்த்தேன், ஒட்டவில்லை. திரும்பி வந்து ரிட்டர்ன் எழுதிக் கொடுத்தேன். நாசர் பொடி போட்டார்.

"ராஜா, கதவு என்ன கலரு?"

"நீலம் சார்."

"போன வாட்டி பச்சைன்னே."

"போன வாட்டி பச்சைதான் சார்."

"ஏன் ராஜா, காயா இருந்தது பழுத்துடுச்சா?"

அலுவலகமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடம் ஒழுங்காக அலைந்தவனை டீக்கடைக் கேஸாக நினைத்துவிட்டாரே என்று கண் கலங்கிப் போயிற்று. பேசாமல் வலது கையை விரித்து அவர் முன்னால் நீட்டினேன். பெயிண்ட் காயாத கதவில் நீவிய கை. உள்ளங்கை முழுக்க நீலம்.

நாசர் என் கையை ஜோசியக்காரர் மாதிரி பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"பொங்கல் போயி மாசக்கணக்காச்சு. இப்ப எதுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்க?"

"விசேஷம் வருதோ என்னவோ சார்."

"யாருக்கு? அண்ணங்காரனுக்குக் கல்யாணம் ஆயி கொழந்தைங்க இருக்குது. ஐயம்பேட்டை கூலி ஆளுக்குக் கல்யாணம்னா முதலாளி கதவுக்கா பெயிண்ட் அடிப்பாரு? போயி மைக்செட்டுக் கடையில விசாரி ராஜா."

எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியம் நடக்கப் போகிறதென்றால் பெருமாளுக்குத் தெரிவதற்கு முன்னால் மைக்செட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். கடைக்காரர் மணி சாலிடரிங் செய்துகொண்டே சொன்னார்.

"ஆமாண்ணா, வெள்ளிக்கெழம நிச்சயதார்த்தம். சின்னவரு வரதனுக்கு. பொண்ணு வாலாஜாபாத்து, ரைஸ்மில் வெச்சிருக்காங்களே அவங்க வீடு. மாப்ள வீட்டையும் பாத்தமாதிரி இருக்கும்னு இங்கியே வெச்சிருக்காங்க. ரெண்டு ஹாரன் கேட்டுருக்காங்கண்ணா. தெரு பூரா கேக்கணுமாம்."

கோர்ட்டுக்குத் தெரியக் கூடாது, தெருவுக்குக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் சாதிக்க முடியும் என்று நினைக்க எங்கள் ஊர்க்காரரால்தான் முடியும். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் காத்திருந்தாள்; இந்தப் பக்கம் இன்னொரு பெண் ஒன்றும் தெரியாமல் மாலைக்குத் தலை நீட்டப் போகிறாள்.

விஷயத்தைச் சொன்னதும் நாசர், "நானும் வரேன்" என்றார். வெள்ளிக்கிழமை அவரைக் கறுப்புக் கோட்டு இல்லாமல் முதல்முறையாகப் பார்த்தேன். ஜரிகை வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் பளிச்சென்று நாமம். வழியில் சைக்கிளை நிறுத்தி ஒரு தட்டும், பழமும், வெற்றிலை பாக்கும் தன் காசிலேயே வாங்கினார். "நல்ல காரியத்துக்கு வெறுங்கையோட போவக் கூடாது ராஜா."

பந்தல் வாசலில் எங்களுக்குப் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் கொடுத்தார்கள். கற்கண்டு கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீட்டாராக நினைத்தார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாராக நினைத்தார்கள். என்னை அந்தத் தெருவில் உட்கார்ந்துகொள்ளச் சொன்னது அதுவே முதல்முறை. அதுவும் ஜமக்காளத்தில், முன் வரிசையில். சந்தனத்தை நிதானமாகப் பூசிக்கொண்டேன்.

மணையில் பட்டு வேட்டியும் மாலையுமாக உட்கார்ந்திருந்தவர் ஐயம்பேட்டைக் கூலிக்காரர்தான். முதுகை மட்டும் பார்த்திருந்தேன். இப்போது முகத்தையும் பார்த்தேன். அண்ணன் பார்த்தசாரதி வரவேற்பு மும்முரத்தில் எங்களைக் கவனிக்கவில்லை. காக்கிப் பை இல்லாத அமீனாவை யாரும் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

புரோகிதர் லக்னப் பத்திரிகையை எடுத்தார். மணி மைக்கை அவர் வாயருகில் நகர்த்தி வைத்தார். நிச்சயம் என்றால் அதைச் சபையில் உரக்கப் படித்தாக வேண்டும். பாட்டன், அப்பன், பிள்ளை என்று மூன்று தலைமுறையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஹாரனிலும் அவர் குரல் கோயில் மதில் வரைக்கும் போயிற்று.

"சின்ன காஞ்சிபுரம் கோவிந்தசாமி அவர்கள் பௌத்திரனும், நாராயணசாமி அவர்கள் குமாரனும் ஆகிய சிரஞ்சீவி வரதராஜனுக்கும்..."

பவானி அம்மாளின் மனு எனக்கு மனப்பாடம். அதிலும் இதே மூன்று பெயர்கள் இதே வரிசையில் இருந்தன. பாட்டன் பெயர் அந்தம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று நான் முன்பு யோசித்தது உண்டு. அந்த நிமிடம் புரிந்தது. பினாங்குக் கோயிலிலும் ஒரு புரோகிதர் மூன்று தலைமுறையைக் கேட்டிருக்கிறார், வரதராஜன் சொல்லியிருக்கிறார், பக்கத்து மணையில் இருந்த பெண் மறக்கவில்லை. டெல்லியும் மெட்ராஸும் முத்திரை போட்டுச் செய்ய முடியாத வேலையை இரண்டு புரோகிதர்கள் தட்சிணைக்குச் செய்துவிட்டார்கள்.

"சபையில எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று புரோகிதர் நிமிர்ந்து கேட்டார்.

"சம்மதம்" என்றது தெரு. எல்லோரையும் விட உரக்கச் சொன்னவர் நாசர்.

பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராகப் போய் மாப்பிள்ளையிடம் தாம்பூலத் தட்டு கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தது. நான் தட்டை நீட்டினேன். தாம்பூலத்தை ஒற்றைக் கையால் வாங்குகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவில் அந்த நீளமான உறை, மேலே சிவப்பு அரக்கு. சொல்லாமல் கொடுத்தால் அது ஏமாற்று வேலை. அதனால் அவர் கை தட்டில் படும்போதே சொன்னேன்.

"காஞ்சிபுரம் முன்சீப் கோர்ட்டு வழியா வந்த பினாங்கு கோர்ட்டு சம்மனுங்க. பவானி அம்மா போட்டது."

மைக் இன்னும் புரோகிதர் பக்கத்திலேயே இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. பவானி அம்மா போட்டது, பவானி அம்மா போட்டது என்று கோயில் மதிலில் பட்டுத் திரும்பி வந்தது.

வரதராஜனின் முகம் வெளுத்தது. தட்டைக் கீழே போட முடியாது. தாம்பூலம் கீழே விழுந்தால் அபசகுனம். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கை நீட்டவில்லை. தட்டும் கையுமாக நின்றவர் கடைசியில், "நான் அவரு இல்லீங்க" என்றார். அதையும் இரண்டு ஹாரன்களும் தெருவுக்குச் சொல்லின.

புரோகிதர் வெகுளி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இப்பத்தானேப்பா படிச்சேன்? நாராயணசாமி குமாரன் வரதராஜன் நீதானே?" என்றார்.

பெண்ணின் அப்பா, ரைஸ்மில்காரர், எழுந்து முன்னால் வந்தார். கனமான ஆள், கனமான குரல். "இன்னா காயிதம் அது? படிங்க."

எடுத்துச் சொல்ல வேண்டியது என் கடமையும்கூட. சொன்னேன். கோயில் கல்யாணம், குழந்தை, கப்பல் எல்லாவற்றையும் சொன்னேன். மணி மைக்கை அணைத்திருக்கலாம். அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொழந்த உன்னுதாபா?" என்றார் ரைஸ்மில்காரர்.

வரதராஜன் தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்தார்.

"இன்னா கொழந்த?"

"பொண்ணுங்க" என்று நான்தான் சொன்னேன்.

ரைஸ்மில்காரர் உள்பக்கம் திரும்பி மனைவியிடம், "சரோஜாவக் கூப்புடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். மணப்பெண் சரோஜாவுக்காக அவர் பேசியது அவ்வளவுதான். வாலாஜாபாத்துக்காரர்கள் தாங்கள் கொண்டுவந்த சீர்த் தட்டுகளை, கொண்டுவந்த அதே வரிசையில், பழம் ஒன்றுகூடக் குறையாமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகுதான் தெரு விழித்துக்கொண்டது. நல்ல காரியத்தில் அமீனா நுழையலாமா என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். இவனையா முன்னால் உட்கார வைத்தோம் என்று இன்னொருவர் அப்போதுதான் கண்டுபிடித்தார். பிடித்த சட்டை அவர் கையில் கிழிந்தது. பார்த்தசாரதி, "தெரு மானமே போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாசர் குரலை உயர்த்தவில்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு வாரமா இந்தத் தெருவுல வரதராஜன்னு ஒரு ஆளே இல்லன்னு சொன்னீங்க. இன்னிக்கு மூணு தலைமுறையோட உக்காந்துக்கினு இருக்காரு. சம்மதம்னு நீங்கதான் சொன்னீங்க. நாங்க கேட்டமா?"

நாசர் பேனாவைத் திறந்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். "கையெழுத்து, ராஜா."

வரதராஜன் தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் யார் போடுவது என்று நான் திகைத்தபோது, "நான் படிச்சதுக்கு நான் போடறதுல என்ன?" என்று புரோகிதர் போட்டார். சாட்சி நாசர். திரும்பும் வழியில் ஒரு கையால் கிழிந்த சட்டையைச் சேர்த்துப் பிடித்தபடி சைக்கிள் மிதித்தேன். கோயில் குளம் தாண்டியதும் நாசர் கேட்டார்.

"கதவு என்ன கலரு ராஜா?"

"நீலம் சார்."

"காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சு சார்."

பினாங்கில் பவானி அம்மாள் பக்கம் தீர்ப்பானது. ஆனால் தீர்ப்பு என்றால் உடனே எல்லாம் நடந்துவிடும் என்று நினைப்பவர்கள் கோர்ட்டில் வேலை பார்க்காதவர்கள். வரதராஜன் அது இங்கே செல்லாது என்று வாதாடினார். முறையாகச் சம்மன் வாங்கவில்லை என்றார். கையெழுத்தைக் காட்டினார்கள். பிறகு வேறு ஏதோ சொன்னார். எழுபதுகளில் பாதி இப்படியே போயிற்று. கடைசியில் சமாதானமாகப் போவதாகவும், பெண் தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுப்பதாகவும் அவர் வக்கீல் சொல்ல, பவானி அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்தார்.

அன்றைக்குத்தான் அவரைப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, வெளுத்த நைலக்ஸ் புடவை, பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு எட்டு வயதிருக்கும் ஒரு பெண். பெயர் கோமதி. கோர்ட் வராந்தா பெஞ்சில் இருவரும் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேட்டி கட்டிய ஆண்கள் படியேறும்போதெல்லாம் அந்தப் பெண் அம்மா முகத்தைப் பார்த்தது. அம்மா இல்லை என்று தலையசைத்தார். வரதராஜன் வரவில்லை. முன்னாலேயே கையெழுத்துப் போட்ட காகிதத்தை வக்கீலிடம் கொடுத்து அனுப்பிவிட்டிருந்தார். குழந்தை என்னுடையது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. அந்தக் காகிதத்துக்காக ஒரு கடலையும் எட்டு வருடத்தையும் தாண்டி வந்த அந்தப் பெண்மணி அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்த ஊர்ச் சட்டத்துக்கும் ஒருவனிடமிருந்து கையெழுத்தை வாங்கத் தெரிகிறது, ஆளை வாங்கத் தெரிவதில்லை.

நாசர் அப்போது ஓய்வுபெறப் போகிற வயதில் இருந்தார். என்னைக் காட்டி, "இவருதான்மா கையில குடுத்தவரு" என்றார். பவானி அம்மாள் எழுந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். கோமதிதான் பேசியது.

"அங்கிள், நீங்க எங்கப்பா வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன்மா."

"உள்ளே எப்படி இருக்கும்?"

"உள்ள போனதில்லமா. வாசல் வரைக்குந்தான்."

அது பெஞ்சிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றது.

"கதவு என்ன கலர்?"

நான் நாசரைப் பார்த்தேன். அவர் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு ஆயிரம் முறை பதில் சொல்லிப் பிழைத்தவன் நான். வாய் தானாகவே சரியான பதிலைச் சொன்னது.

"முன்ன பச்சையா இருந்துச்சு. அப்புறம் நீலம்."

"ஏன் மாத்துனாங்க?"

அந்தக் கேள்வியை அதற்கு முன் நாசர் மட்டும்தான் என்னிடம் கேட்டிருந்தார். உண்மையான பதிலைச் சொல்வதற்கு அந்த முகம் இடம் கொடுக்கவில்லை.

"வெயில்ல வெளுத்துப் போச்சும்மா. அதான்."

"எங்க வீட்டுக் கதவும் வெளுத்துப் போச்சு. அம்மா இன்னும் அடிக்கலை" என்று சொல்லிவிட்டு, கோமதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனது.

வெயிலில் வெளுக்கிற கதவா அது, எந்தப் பக்கம் பார்த்த வாசல், வெயில் எப்போது விழும் என்று நாசர் அடுக்குவார் என நின்றேன். அவர் பொடி மட்டையை வெளியே எடுத்துத் திறந்தார். போடாமலே மூடிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.